இரவு 2.30

நண்பர் கவிஞர், ஜீவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர். 8 வருஷங்களுக்கு முன் வந்த அவருடைய தொகுப்பைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். அதன்பின் அவர் கவிதை எழுதவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமுண்டா என்று நான் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

சென்ற வருஷம் அந்தத் தொகுப்பை மின்னூலாக்கினார். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். பிரதியை இணையத்தில் ஒரு கிடங்கில் வைத்து, தினமும் இரவு 2.30க்குப் புத்தகம் தானாகவே கட்டப்படும்படி பைப்லைன் அமைத்திருந்தார். நேரத்தைக் குறிக்கிற முறைக்குக் கிரான் என்று பெயர். 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாவது பதிப்பிலேயே இருந்தது. நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று 5 கட்டங்கள். எதுவானாலும் சரியென்றால் நட்சத்திரக் குறி. அவர் எழுதியிருந்தது: 0, 21, பிறகு 3 நட்சத்திரங்கள். அந்தக் கணினி உலகப் பொதுநேரத்தில் இயங்கியது. நமது இரவு 2.30 அதற்கு முந்தைய நாள் 21 மணி.

எனக்கு இது அபத்தமாகப் பட்டது. பிரதி மாறும்போது மட்டும் பைப்லைன் ஓடும்படி செய்யலாம். ஒரு கமாகூட மாறாத புத்தகத்தைத் தினமும் ஏன் கட்ட வேண்டும்? கேட்டேன். "பிரதி மாறலைன்னாலும் அது நிக்கிற தரை மாறிக்கிட்டே இருக்குங்க" என்றார்.

ஒரு விடிகாலையில் தோல்விச் செய்தி வந்தது. எழுத்துருத் தொகுப்பின் புதிய பதிப்பு இரவில் இறங்கியிருந்தது. அதில் எங்கள் எழுத்துருவின் பெயர் மாறிவிட்டது. நேற்று நின்ற புத்தகம் இன்று நிற்கவில்லை. நண்பர் 10 நிமிஷத்தில் சரிசெய்தார். "நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ஓடலை. அதனால சுலபம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்திருந்தா எங்கே உடைஞ்சதுன்னு தேடணும்."

வங்கியில், கூட்டமே இல்லாத நாளிலும் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடாமல் பெட்டகத்தைப் பூட்டுவதில்லை. 10 வருஷமாக இதைப் பார்க்கிற நான், என் அபிப்பிராயங்களை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. புதுப் புத்தகம் வந்தால் எழுதுவேன். பழைய தீர்ப்பு தானாக நிற்கும் என்று நம்பினேன்.

அன்றிரவு தொகுப்பையும் என் கட்டுரையையும் சேர்த்துப் படித்தேன். பாதிக் கவிதைகள் இன்றும் பலவீனமானவைதான். ஆனால் வறட்சி என்று நான் ஒதுக்கிய 7 கவிதைகளில் இருப்பது சிக்கனம். பி.ஏ. ஆங்கில வகுப்பில் கிடைத்த அளவுகோலை அவற்றின்மீது வைத்திருந்தேன். அந்த அளவுகோலை நானே எப்போதோ கைவிட்டிருக்கிறேன். அதை நம்பி எழுதிய வாக்கியங்கள் மட்டும் அச்சில் அப்படியே கிடந்தன.

அந்த 7 கவிதைகளைப் பற்றி எழுதியதை இங்கே வாபஸ் வாங்குகிறேன். எப்போது மாறினேன், எந்தக் கவிதையைப் படித்தபோது மாறினேன் என்பதை நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். 8 வருஷம் கழித்து அது அகப்படவில்லை.