கெடேயோ மலைகளில் காபி கழுவுவோர்

தெற்கு எத்தியோப்பியாவின் கெடேயோ மண்டலத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 முதல் 2,200 மீட்டர் வரையான சரிவுகளில் விளையும் யிர்காசெஃபே காபி, பெருந்தோட்டப் பயிரன்று. வாழையை ஒத்திருந்தாலும் பழத்திற்காக அல்லாமல் அடித்தண்டிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்துக்காக வளர்க்கப்படும் என்செட்டோடும், உயர்ந்த நிழல்மரங்களோடும் சேர்த்துச் சிறு உழவர்கள் அதனைத் தம் வீட்டைச் சுற்றியே வளர்க்கின்றனர். இந்நிலப்பரப்பை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அக்டோபரில் அறுவடை தொடங்கியதும் கழுவு நிலையங்கள் உயிர்பெறுகின்றன. பறித்த அன்றே வந்துசேரும் பழங்களிலிருந்து காயும் அளவுமீறிக் கனிந்ததும் பொறுக்கி நீக்கப்பட்டபின், பல்பர் எனும் இயந்திரம் தோலைப் பிரிக்கிறது. அப்போதும் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பான இனிப்புப் படலம், தொட்டியில் ஒன்றரை முதல் மூன்று நாள் வரை ஊறும்போது நுண்ணுயிர்களாலும் நொதிகளாலும் சிதைகிறது. இரவுக் குளிர் இக்கால அளவை மாற்றிவிடுவதால், தேர்ந்த தொழிலாளி கடிகாரத்தை நம்பாமல் ஒரு பிடிக் கொட்டையை அள்ளித் தேய்த்துப் பார்க்கிறார். வழவழப்பு நீங்கிக் கூழாங்கல்போல் நரநரத்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். தவறவிட்டால் புளித்த நெடி ஏறும். பிறகு எந்த நீராலும் அதனைப் போக்க முடியாது. அடுத்து, நீரோடும் நீண்ட கால்வாயில் மரத்துடுப்புகளால் கொட்டையைத் தள்ளிக் கழுவும்போது கனமானவை அடியில் தங்க, இலேசானவை மிதந்து ஒதுங்குவதால், கழுவுதலே தரம்பிரித்தலாகவும் அமைகிறது.

எனினும் இத்தொழிலின் நுட்பம் மிகுதியும் வெளிப்படுவது வலைவிரித்த உலர்பரண்களில்தான். ஈரம் காயாத கொட்டையில் நிறக்குறை தெளிவாகத் தெரியும் என்பதால், பரணின் இருபுறமும் நிற்கும் பெண்கள் முதற்கட்டத்திலேயே பழுதானவற்றைப் பொறுக்கிவிடுகின்றனர். ஈரப்பதம் 11 அல்லது 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், கிளறுவதும் உச்சி வெயிலிலும் இரவிலும் மூடுவதும் தொடர்கின்றன.

மல்லிகையையும் எலுமிச்சையையும், ஏர்ல் கிரே தேயிலைக்கு மணமூட்டும் பெர்கமோட் என்ற நாரத்தை இனப் பழத்தையும் நினைவூட்டும் யிர்காசெஃபே காபியின் மணம், இப்பணிகளால் உண்டாக்கப்படுவதன்று. மரமும் உயரமும் தந்ததை அழுகலும் பூஞ்சையும் மறைக்காமல் காப்பதே இத்தனை உழைப்பின் நோக்கம். இலேசாக வறுத்துப் பாலின்றிப் பருகினாலன்றி அது துலங்காது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் தேடுவது வீண்.

2008இல் தொடங்கிய எத்தியோப்பியப் பண்டச் சந்தையில் காபி பகுதியும் தரமும் கருதிக் கலந்து விற்கப்பட்டதால், சரக்கு எந்த நிலையத்திலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் மறைந்துபோயிற்று; 2017ஆம் ஆண்டின் சீர்திருத்தத்திற்குப்பின் அதனை அறியும் வழி விரிந்தது. இன்று வறுத்த காபிப் பொட்டலங்களில் ஊர், உயரம், நிலையம் ஆகியவை அச்சாகின்றன. பரணருகே பொறுக்கும் பெண்களோ பெரும்பாலும் பருவகால நாட்கூலிகள். சுவைத்தேர்வில் சரக்குக்குக் கூடும் புள்ளிகள் ஏற்றுமதி விலையை உயர்த்தினாலும், நாட்கணக்கில் பேசப்பட்ட கூலி அவற்றைப் பார்த்து உயர்வதில்லை.