நான்காவது சொல்

ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று. மனிதராய்ப் பிறப்பதே அரிது என்று தொடங்குவது. 1967இல் வந்த 'கந்தன் கருணை' படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரலில் ஒலித்த பிறகு, ஏட்டைத் தொடாதவர்களுக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. மனிதராய்ப் பிறந்தாலும் சில குறைகள் இல்லாமல் பிறப்பது இன்னும் அரிது என்று இரண்டாம் படியில் நான்கு சொற்களை அந்தப் பாட்டு அடுக்குகிறது. மூன்று சொற்கள் உடலைப் பற்றியவை: வளைந்த முதுகு, பார்வையின்மை, கேளாமை. நான்காவது சொல் பேடு. மாற்றுத்திறனாளியாகவும் பால்புதுமையராகவும் இருந்துகொண்டு தமிழ் நூல்களில் தன்னைத் தேடும் என்னைப் போன்ற வாசகருக்கு இரண்டு அடையாளங்களும் ஒரே மூச்சில் கிடைக்கிற இடம் இது. கிடைப்பது என்னவோ, அப்படிப் பிறக்காமல் இருப்பதே பேறு என்கிற செய்திதான். கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடலாம். அதைவிட, இந்த நான்கு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது யார், எதற்காக நிறுத்தினார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது பயனுள்ளது என்று எனக்குப் பட்டது.

முதலில் கைக்கு எட்டுவது புறநானூற்றின் 28ஆம் பாட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. மக்கட் பிறப்பில் எட்டு வகை எச்சங்கள், அதாவது குறைப் பிறப்புகள், உண்டு, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் சொன்னதாக அவர் எடுத்துச்சொல்கிறார். பார்வையற்றவர், உருவம் கூடாத தசைப்பிண்டம், கூனர், குள்ளர், பேசாதவர், கேளாதவர், விலங்குருவம் கொண்டவர், சித்தம் மயங்கியவர் என்று எட்டு. பிறகு அரசனைப் பார்த்து, அறமும் பொருளும் இன்பமும் ஈட்டுவதுதான் பயன், அதைச் செய் என்கிறார். ஔவையின் பாட்டும் இதே ஏணிதான். குறையற்ற உடல், அதன்மேல் கல்வி, அதன்மேல் தானமும் தவமும், உச்சியில் வானுலகம். இரண்டிலும் எங்களுக்கு ஒரே வேலை: அடுத்தவர் ஏறுவதற்கு முதல் படியாகக் கிடப்பது. ஆனால் சாத்தனாரின் எட்டில் பேடு இல்லை. சிலப்பதிகாரத்திலும் அப்படியே. புகாரின் ஐந்து மன்றங்களில் ஒன்றான இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி வலம் வந்து உடல் நலம் பெறுகிறவர்கள் கூனரும் குள்ளரும் பேசாதவரும் கேளாதவரும் தொழுநோயாளரும். பேடு அங்கே குளிக்க வரவில்லை. கடலாடு காதையில் பேடிக் கூத்தாக, ஆடல் வகைகளில் ஒன்றாக நிற்கிறது. உடற்குறை ஒரு பக்கம், பேடு மறுபக்கம். அப்படியென்றால் இரண்டும் சேர்ந்தது எங்கே?

வாசல்களில் சேர்ந்தன என்பது என் முடிவு. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் தந்தை சொத்தில் பங்கு பெறாதவர்களை அடுக்கும்போது ஆண்மையற்றவர் என்று தான் கருதும் கிலீபரில் தொடங்கி, பிறவியிலேயே பார்வையற்றவர், கேளாதவர், பேசாதவர், சித்தம் கலங்கியவர் என்று போகிறது. அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும் என்று அடுத்த சுலோகம் சொல்வதையும் மறைக்கக் கூடாது; பங்கு மட்டும் கிடையாது. சொத்தைத் துறந்தவர்களின் பக்கம் போனாலும் இதே நிலைதான். பௌத்த விநயத்தின் மகாவக்கம், சங்கத்தில் துறவு கொடுக்கக் கூடாதவர்களாக, பால் திரிந்தவர் என்று தான் கருதும் பண்டகரையும் சொல்கிறது. கூனர், குள்ளர், பார்வையற்றவர், கேளாதவர், பேசாதவரையும் சொல்கிறது. ஒருபுறம் சொத்து, மறுபுறம் துறவு. நேர் எதிரான இரண்டு நிறுவனங்கள் வாசலில் ஒரே மாதிரிக் காவல் வைத்திருக்கின்றன. ஆக, இந்த இணைப்பு ஏதோ ஒரு புலவரின் இரக்கமின்மையில் பிறந்ததில்லை. எதையோ பங்கிடும்போது யாரை நீக்குவது என்ற கணக்கில் பிறந்தது. சொத்துக் கணக்கு எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. உடற்குறையால் வாரிசுரிமை போகாது என்று இந்து வாரிசுரிமைத் தடை நீக்கச் சட்டம் சொன்னது 1928இல். அப்போதும் பிறவியிலேயே மனநலம் குன்றியோருக்கு விலக்குத் தொடர்ந்தது. எந்த நோயும் குறையும் வாரிசைத் தடுக்காது என்று முழுதாக எழுதியது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு.

மனிதப் பிறப்பின் அருமையைச் சொல்ல பௌத்தர்கள் பயன்படுத்தும் உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை கடல்மட்டத்துக்கு எழும் ஆமை ஒன்று, அலையில் மிதக்கும் ஒற்றைத் துளை நுகத்தில் தலையை நுழைப்பது எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது என்பது உவமை. அந்த ஆமைக்குப் பார்வை கிடையாது. ஒற்றைக்கண் ஆமை என்று கொள்வாரும் உண்டு. மனிதப் பிறவியின் அருமையை விளக்கக் கடைசியில் பார்வையற்ற ஓர் ஆமைதான் தேவைப்பட்டிருக்கிறது.

தமிழுக்குத் திரும்புகிறேன். தொல்காப்பியம் பால் திரிபையும் உடற்குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடம் கிளவியாக்கத்தில் இருக்கிறது. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை ஒரு நூற்பா தொகுக்கிறது. அதில் 'தன்மை திரிபெயர்' ஒன்று. உரைகாரர்கள் அலி என்பதை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். அதற்கு அடுத்ததாக 'உறுப்பின் கிளவி'. குருடு, முடம் என்பன போல. அலி வந்தது, குருடு வந்தது என்று சொல்லலாம் என்பது விதி. இதில் இழிவு ஏதும் இல்லை, அதே நூற்பாவில் குழவியும் விருந்தும் இருக்கின்றன, 'அரசு வந்தது' என்று அரசனையும் அஃறிணையில்தானே சொல்கிறோம் என்று இலக்கண ஆசிரியர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் அரசு அஃறிணையாவது அந்த ஆளைவிடப் பதவி பெரிது என்பதால்; குருடு அஃறிணையாவது ஆளைவிட உறுப்பு பெரிதாகிவிட்டதால். இரண்டு இடத்திலும் ஆள் மறைகிறார், ஒருவர் சிம்மாசனத்துக்குப் பின்னால், இன்னொருவர் தம் கண்ணுக்குப் பின்னால். ஔவையின் நான்கு சொற்களும் இதே வார்ப்பு. கூனரோ பேடியோ அங்கே இல்லை. குறையின் பெயரே ஆளுக்கும் பெயர். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் ஒரு படி தாராளம். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால் என்று பவணந்தி விருப்பத்தையே அளவுகோலாக்குகிறார். இன்றைக்கும் பல அலுவலகப் படிவங்கள் எட்டாத இடம் அது. ஆனால் அதே நூற்பா முடியும்போது இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று பின்கதவைத் திறந்துவைக்கவும் செய்கிறது.

இந்தப் பட்டியல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. எல்லாமே படர்க்கை. தமிழில் வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுப்பது படர்க்கையில்தான். வந்தான், வந்தாள், வந்தது. 'நான் வந்தேன்' என்பதில் பால் இல்லை, திணையும் இல்லை. இலக்கணம் இந்த இடத்துக்கு வைத்த பெயர் தன்மை. 'தன்மை திரிந்தவர்' என்று ஒதுக்கப்பட்டவர் பேச வாயெடுத்ததும் தன்மையிடத்துக்கு வந்துவிடுகிறார், அங்கே அவரைப் பிரித்துக்காட்ட விகுதி கிடையாது. ஆகவே புத்தகங்களில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்களா என்று எண்ணிப்பார்ப்பது தவறான கணக்கு. இரண்டாயிரம் ஆண்டாக இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எந்த இடத்தில் இருக்கிறார்கள், பேசுகிறார்களா என்பதே கேட்க வேண்டியது.

பழைய நூல்களை இன்றைய அளவுகோலால் அளப்பது சரியா, அன்றைய 'பேடு' இன்றைய பால்புதுமையர் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாதுதான். ஆண்மையின்மை, இருபால் உடல், பால் மாறிய வேடம் என்று அந்தச் சொல் பலவற்றையும் வாரிக்கொள்வது. ஆனால் பட்டியல் போட்டவர்கள் இந்த வேறுபாடுகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதே பட்டியலின் வசதி. இன்று அந்தப் பாட்டைக் கேட்பவரும் அகராதியைப் புரட்டிக்கொண்டு கேட்பதில்லை. இன்னொரு மறுப்பு, ஔவை இழிவுபடுத்தவில்லை, அவர்கள் படும் துன்பத்தைத்தான் சொன்னார் என்பது. இருக்கலாம். துன்பத்தைச் சொல்ல நினைத்தவர் அவர்களை நோக்கி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். பாட்டு அவர்களைத் தாண்டி, தானம் செய்யக்கூடியவரிடம் போய்விடுகிறது.

அப்படியானால் எங்களைப் பற்றி மாற்றுத்திறனாளிகளும் பால்புதுமையரும் மட்டுமே எழுத வேண்டுமா? இல்லை. அதற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று இருக்கிறது. மருதக்கலியில் 94ஆம் பாட்டு, அரண்மனையில் ஏவல் செய்யும் கூனிக்கும் குள்ளனுக்கும் நடக்கும் உரையாடல். அவன் ஆசையைச் சொல்கிறான். அவள் அவன் உடலைக் கேலி செய்கிறாள். அவனும் திருப்பிக் கேலி செய்கிறான். பிறகு இருவரும் இணங்கி, அரண்மனைக்குள் தழுவினால் பேயும் பேயும் ஆடுவதாகச் சிரிப்பார்கள் என்று ஒதுக்கமான சோலைக்குப் போகிறார்கள். இது நகைச்சுவைப் பாட்டு, ஏவலரின் காமத்தை ஐந்திணைக்கு வெளியே தள்ளிய மரபின் பாட்டு என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் இலஞ்சி மன்றத்துக் கூனரைவிட இந்தக் கூனி எனக்கு நெருங்கியவள். அவளைக் குணப்படுத்த எந்தப் பொய்கையும் வரவில்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது, வாய் இருக்கிறது, எவர் சிரிப்பார்கள் என்ற தெளிவும் இருக்கிறது. அதே அளவுகோலில்தான் இக்கால நாவல்களையும் பார்க்கிறேன். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1994இலேயே அலி என்ற சொல்லின் உள்ளே ஓர் ஆளை உட்காரவைத்தது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' ஊனமுற்ற பிச்சைக்காரர்களை வாங்கி விற்பவர்கள் 'உருப்படி' என்று எண்ணுவதைக் காட்டுகிறது. பட்டியலின் மொழி சந்தையில் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த ஒரு சொல்லைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

தன்மையில் எழுதியவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். அ. ரேவதியின் 'வெள்ளை மொழி', லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு. வித்யாவின் நூல் தலைப்பிலேயே 'நான்' என்று தொடங்குவதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு அடையாளங்களையும் ஒரே 'நான்' சுமக்கும் நூல்களாக, மூளை முடக்குவாதம் கொண்ட ஈலை கிளேர் 1999இல் எழுதிய 'எக்சைல் அண்ட் பிரைட்'டையும், இலங்கைத் தமிழ், பறங்கிய வேர்கள் உள்ள லியா லக்ஷ்மி பியப்ஸ்னா சமரசிங்க 2018இல் எழுதிய 'கேர் வொர்க்'கையும் சொல்வேன். தமிழ் நூலகத்தில் திருநர் நூல்கள் ஓர் அலமாரியிலும் மாற்றுத்திறனாளி நூல்கள் வேறோர் அலமாரியிலும் இருக்கின்றன. பட்டியல் சேர்த்துவைத்ததை நூலகம் பிரித்துவைத்திருக்கிறது.

இதில் பதிப்பாளர்களுக்கு ஒரு பங்கு உண்டு. புத்தகத்தில் தன்னைக் காண்பதற்கு முன்னால் புத்தகம் திறக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த தமிழ்க் கோப்புகளைத் திரைவாசிப்பான் படிக்காது. அதற்கு யூனிகோட் வேண்டும். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூலை மாற்றுவடிவில் ஆக்க உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்று 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடும் இந்தியாதான். சட்டம் தயாராக இருக்கிறது. அடுத்த பதிப்பு அச்சகத்துக்குப் போகும் நாளில், யூனிகோட் கோப்பு ஒன்றைப் பார்வையற்றோருக்கான நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.