ஒரே கிண்ணத்தில் சாப்பாடு, இடது கையில் விடை! செனகல் கிராமத்தில் தன்னார்வலர்களின் இரண்டு வருடங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில், கிராமத்துத் தெருவை அவசரமாகக் கடந்துவிட முடியாது. எதிரே வருகிறவர் 'நங்க தெஃப்?' என்று நலம் கேட்பார். 'மாங்கி ஃபி' என்று பதில் சொல்ல வேண்டும். 'இங்கேதான் இருக்கிறேன்' என்று அர்த்தம். அதோடு முடியாது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, வேலை எப்படிப் போகிறது என்று விசாரிப்பு நீளும். நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதைக் குறைவு. அமெரிக்காவிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

இவர்களை அனுப்புவது 'பீஸ் கோர்'. 1961-ல் அதிபர் கென்னடி தொடங்கிய அமெரிக்க அரசு அமைப்பு. செனகலுக்கு 1963 முதல் ஆட்கள் வருகிறார்கள். சுமார் 3 மாதம் பயிற்சி, பிறகு 2 வருடம் வேலை. சம்பளம் கிடையாது. உள்ளூர்க்காரர்களைப் போல வாழ்வதற்கான செலவுத் தொகை கிடைக்கும்.

புதுப் பெயர், புது உறவு

தங்குவது ஒரு குடும்பத்தின் வளாகத்துக்குள் இருக்கும் சின்ன அறையில். வந்ததுமே உள்ளூர்ப் பெயர் ஒன்று வைத்துவிடுவார்கள். குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும். அதோடு கேலியும் வரும். 'ஜோப்' குடும்பத்துக்காரரும் 'என்ஜாய்' குடும்பத்துக்காரரும் சந்தித்தால், 'நீ சரியான சாப்பாட்டு ராமன்' என்று ஒருவரையொருவர் வாருவது அங்கே வழக்கம். நம்மூர் மாமன் மச்சான் கிண்டல் மாதிரி. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மதியம் பெரிய கிண்ணம் ஒன்றைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். மீனும் காய்கறியும் சேர்த்துச் சமைத்த சோறு. 2021-ல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பிடித்த உணவு இது. வலது கையால்தான் சாப்பிட வேண்டும். தன் முன்னால் இருக்கும் பகுதியைத் தாண்டிக் கை போகக் கூடாது. வீட்டு அம்மாவே மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவார்.

முருங்கையும் மூன்று டீயும்

தன்னார்வலர்கள் ஊக்குவிக்கும் வேலைகளில் ஒன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த முருங்கை வளர்ப்பு. அங்கே அதன் பெயர் 'நெபெதாய்'. இலையை வேர்க்கடலையோடு சமைத்து, கம்பு உணவின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். ஆக, கீரையை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பாத்தி கட்டி வளர்ப்பது, இலையைக் காயவைத்துப் பொடியாக்கிக் குழந்தைகளின் உணவில் சேர்ப்பது... இவற்றில்தான் கூட நிற்கிறார்கள்.

ஆனால், முதல் சில மாதங்கள் பெரும்பாலும் 'அத்தாயா' டீ குடிப்பதிலேயே கழியும். மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப் போக இனிக்கும். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வேலை நடக்கவில்லையே என்று புதியவர் தவிப்பார். அந்தப் பேச்சில் பழகிய பிறகுதான் பாத்தி போட இடம் கிடைக்கும்.

அனுபவம் குறைந்த இளைஞர்களால் 2 வருடத்தில் என்ன சாதிக்க முடியும் என்ற விமர்சனம் பல காலமாக உண்டு. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்பதே அதற்கான விடை. 2020 மார்ச்சில், கொரோனாவால் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த சுமார் 7,000 தன்னார்வலர்களும் திடீரெனத் திரும்ப அழைக்கப்பட்டபோது, இந்தக் கேள்வி ஒரே நேரத்தில் எல்லா ஊர்களிலும் எழுந்தது.

நீண்ட பயணம் கிளம்புகிறவருக்கு செனகலில் இடது கையைக் கொடுத்து விடை கொடுப்பார்கள். இடது கை கொடுப்பது தவறு. அந்தத் தவறைச் சரிசெய்யவாவது திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. 2020-ல் பலருக்கு அதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.