நான்கு குதிரைகளும் இருபத்துநான்கு வரிசைகளும்

சென்ற அக்டோபரில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டன் நகரில், தம்பியின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிட்டியது. ஊரைத் தாண்டியதும் இருமருங்கும் பசும்புல் வெளிகள். சுற்றிலும் கறுப்பு, வெள்ளைப் பலகை வேலிகள். மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. அப்புல்லை மேயும் குதிரைகளுக்கு எலும்பு உறுதி அதிகம் என்பது அவ்வூராரின் பெருமை.

தம்பி மகளுக்கு வயது 14. 'ஃபோர்-எச்' என்னும் இளைஞர் இயக்கத்தில் அவள் உறுப்பினள். 1902-இல் ஒஹையோவில் கிராமப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஒரு சிறு கழகமே அதன் தொடக்கங்களுள் ஒன்று. குதிரைகளைத் தரம் பார்த்து வரிசைப்படுத்தும் பயிற்சி ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றாள். இதற்குக் குதிரையேறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொந்தக் குதிரையும் வேண்டாம்.

எண்ணிட்ட நான்கு குதிரைகளைக் கொணர்ந்து நிறுத்தினர். நான்கை இருபத்துநான்கு விதமாக வரிசைப்படுத்தலாம். ஒன்றைத்தான் எழுதித் தர வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று உடலமைப்பையும், முன்னும் பின்னும் நின்று கால்களின் நேர்மையையும், நடக்கவிட்டு நடையையும் நோக்கினர். ஒருவரோடொருவர் பேசலாகாது. நம்மவர் சுழி பார்ப்பார்களே, அது அங்கே யாருக்கும் தெரியவில்லை!

பின்னர்தான் உண்மையான சோதனை. ஒவ்வொருவராக நடுவர்முன் நின்று, குறிப்பைப் பாராமல், இரண்டே நிமிஷத்தில் காரணம் கூற வேண்டும். வரிசைக்கு 50 மதிப்பெண். காரணத்துக்குத் தனியே 50. தாழ்த்திய குதிரையிடம் உள்ள நிறைவையும் மறைக்காமல் சொல்வது முறை. "மூன்றாம் எண்ணின் கழுத்து இதைவிட அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆயினும் அதன் முன்னங்கால்கள் உட்புறம் திரும்பியுள்ளன" என்றாள் எங்கள் பெண், குரல் சற்றே நடுங்க.

அவள் முதலில் வைத்த குதிரையை நடுவர் இரண்டாவதாக வைத்திருந்தார். வரிசையில் மதிப்பெண் குறைந்தது. கண்டதைக் கண்டவாறு கூறியதால் காரணத்தில் குறையவில்லை.

திரும்பும் வழியில், நாகபுரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. வரலாறு படிக்க விரும்பினான். பொறியியல்தான் என்று முடித்துவிட்டோம்.

"என்ன காரணம் சொன்னீர்கள், பெரியப்பா? அண்ணா பக்கத்தில் எதை ஒப்புக்கொண்டீர்கள்?" என்றாள்.

காரணமா? "கூடாது" என்றோம், அவ்வளவுதான். வெளியூரில் பிழைக்க வந்தவர்களின் அச்சம் எங்களுக்கு உண்டு. அதைக்கூட அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றிரவு, நாகபுரியில் பொழுது விடிந்திருக்கும் வேளையில், தொலைபேசியில் அவனை அழைத்தோம். எங்கள் காரணங்களை முதலில் கூறினோம். பிறகு அவனைச் சொல்லச் சொன்னோம். இரண்டு நிமிஷத்தில் அவன் முடிக்கவில்லை. நாங்களும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.