துணுக்காயில் நத்தாரும் வெடிச்சத்தமும்

டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் பத்திரிகை அலுவலகங்களில் செய்திக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். நாடாளுமன்றம் விடுமுறையில், நீதிமன்றங்கள் விடுமுறையில், அறிக்கை விடுகின்ற பெருமக்கள் வெளிநாட்டில். பக்கத்தை எப்படியும் நிரப்பியாக வேண்டும். அப்போது யாராவது ஓர் உதவி ஆசிரியரை அழைத்து, நத்தார் மரம் எங்கிருந்து வந்தது, புத்தாண்டுக்கு ஏன் வெடி கொளுத்துகிறார்கள், சபதம் எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். நானும் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். மரம் ஜேர்மனியில் தோன்றியது. விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசரின் காலத்தில் இங்கிலாந்தில் பிரபலமானது. பிறகு ஆங்கிலேயரோடு நம்மிடமும் வந்தது. வெடி சீனருடையது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

ஆனால் 1996 இற்குப் பின்னர் அந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்த போதெல்லாம் துணுக்காய் வந்து குறுக்கே நின்றது.

மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பி, மல்லாவியைக் கடந்தால் துணுக்காய். முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதி. அருகில் பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம். அங்குள்ள கமக்காரருக்கு ஜனவரி முதலாம் திகதி ஒரு விசேட நாளே அல்ல. வருடப்பிறப்பென்றால் அது சித்திரையில். பொங்கலென்றால் தையில். டிசம்பர் கடைசியில் அவருடைய கேள்வியெல்லாம் குளம் வான் பாய்கிறதா, காலபோக நெல் கதிர் தள்ளிவிட்டதா, காட்டுப்பன்றி வேலியைப் பிரித்துவிட்டதா என்பவைதாம். நத்தாரைக் கொண்டாட ஆங்காங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. பாலன் குடில் கட்டுவார்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவார்கள். அவ்வளவுதான்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த மக்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சியும் 1996 இல் இராணுவத்தின் கைக்குப் போக, அங்கிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மல்லாவியும் துணுக்காயும் சில மாதங்களில் ஊர்கள் என்ற நிலையைத் தாண்டி, நகரம் என்றும் சொல்ல முடியாத வேறேதோ ஆகிவிட்டன. மரநிழலில் பாடசாலை, கொட்டிலில் தபாலகம், கிடுகுக் கூரையின் கீழ் தேவாலயம். வந்தவர்கள் சட்டி பானைகளோடு தங்கள் பண்டிகைகளையும் கொண்டுவந்திருந்தார்கள்.

அவ்வாறானதொரு டிசம்பரில் அங்கே ஒரு பாடசாலையின் ஒளிவிழாவைப் பார்க்கக் கிடைத்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஒளிவிழா என்பது நத்தாரை முன்னிட்டு இலங்கைப் பாடசாலைகள் நடத்தும் விழா. சைவப் பிள்ளைகளும் அதில் சம்மனசுகளாகவும் இடையர்களாகவும் வேடம் கட்டுவார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நத்தார் மரத்துக்குச் சவுக்கங்கொப்பு வெட்டுவார்கள். துணுக்காய்க் காட்டில் சவுக்குக்கு எங்கே போவது? பாலையும் முதிரையும் நிற்கிற காடு அது. ஏதோ ஒரு பற்றையின் கொப்பை வெட்டி, மண் நிரப்பிய தகரப் பேணியில் நட்டிருந்தார்கள். பால்மாப் பைக்கற்றின் உட்புற வெள்ளித்தாளை நறுக்கி நட்சத்திரம். அடியில், மின்குமிழுக்குப் பதிலாக, இரண்டு ஜாம் போத்தல் விளக்குகள். போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் அந்த விளக்கை, பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1990 இலிருந்து அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை.

கொப்பு முழுவதும் இலவம்பஞ்சை ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, அது என்னவென்று ஆசிரியையிடம் கேட்டாள்.

"பனி."

பிள்ளை சிறிது நேரம் யோசித்தாள். "பனி எங்கடை ஊரிலையும் பெய்யுதுதானே ரீச்சர். அது இப்பிடி வெள்ளையாய் இருக்கிறேல்லையே?"

மார்கழிப் பனிக்கும் பெத்லகேமுக்கு ஐரோப்பியர் ஏற்றிவிட்ட பனிக்கும் தமிழில் ஒரே சொல்தான். ஆசிரியை சிரித்துவிட்டு விளக்கைத் தூண்டப் போய்விட்டார்.

இனிச் சபதங்களுக்கு வருவோம். உடல் மெலிவது, புகைப்பதை விடுவது போன்ற சபதங்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. மெலிவதற்கு எவரிடத்திலும் எதுவும் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனந்தான் இருந்தது: "வாற தைக்குள்ளை ஊருக்குப் போயிடுவம்." 1996 இலும் சொன்னார்கள், 1997 இலும் சொன்னார்கள், ஜயசிக்குறு நடவடிக்கையில் மாங்குளம் வீழ்ந்த 1998 இலும் சொன்னார்கள்.

அந்தச் சபதத்துக்கு முதலில் உயிர் கொடுத்தது ஒரு நத்தார்தான். 2000 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி நள்ளிரவிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒருதலைப்பட்சமான போர்நிறுத்தத்தை விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பாடவைத்துத் தமிழோசை கேட்ட காலம் அது. சுற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ஜனவரியில் ஒரு மாதம் நீடித்தார்கள். பெப்ரவரியில் மீண்டும். மார்ச்சிலும் அப்படியே. அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏப்ரல் 24 ஆம் திகதியுடன் அது முடிந்தது. மறுநாளே முகமாலையில் தீச்சுவாலை நடவடிக்கை தொடங்கியது. புத்தாண்டுச் சபதங்களின் ஆயுளைப் பற்றி நகைச்சுவைத் துணுக்கு எழுதும் அன்பர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த நத்தாருக்கும் அதே டிசம்பர் 24, அதே அறிவிப்பு. இம்முறை புதிய அரசாங்கமும் சம்மதித்தது. 2002 பெப்ரவரி 22 இல் உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ-9 பாதை திறப்பு. பாதை திறந்ததும் சீமெந்து வந்தது, பற்றரி வந்தது, சொக்லேற் வந்தது, டிசம்பரில் சீனவெடியும் வந்தது.

அந்த 2002 டிசம்பர் 31 இரவு மல்லாவிப் பக்கத்தில் நடந்ததை மறுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இளைஞர்கள் நள்ளிரவில் ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். பக்கத்து வளவில் வயோதிப மாது ஒருவரைக் காணவில்லை. தேடினால், வீட்டுக்குப் பின்னாலிருந்த பதுங்குகுழிக்குள் நிற்கிறார். மாரிகாலம் அல்லவா, குழிக்குள் இடுப்பளவு தண்ணீர். கைகொடுத்துத் தூக்கிவிட்டபோது அவர் சொன்னாராம்: "சீனவெடி எண்டு எனக்குத் தெரியுமடா. கால்தான் கேக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வளவில் அதற்குப் பிறகு எவரும் வெடி கொளுத்தவில்லை என்பதையும் பின்னர் அறிந்தேன்.

2004 நத்தாருக்கு மறுநாள் முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியது. அதன் பின்னர் அந்த மாவட்டத்தில் நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடையே ஒரு நினைவுநாள் வந்து உட்கார்ந்துகொண்டது. உடன்படிக்கையிலிருந்து விலகுவதென அரசாங்கம் முடிவெடுத்தது 2008 ஜனவரி 2 இல். நத்தாருக்குப் பிறந்த சமாதானம் புத்தாண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் துணுக்காய் இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் கிழக்கே நகர்ந்தார்கள். நவம்பரில் நிஷா புயலின் வெள்ளமும் அவர்களைத் துரத்தியது. சரியாக ஓராண்டு கழித்து, 2009 ஜனவரி 2 ஆம் திகதி, கிளிநொச்சி வீழ்ந்த செய்தி வந்ததும் கொழும்பு வீதிகளில் வெடி கொளுத்தினார்கள். அன்று மாலையே அதே நகரில் விமானப்படைத் தலைமையகத்துக்கு அருகே தற்கொலைக் குண்டும் வெடித்தது. துணுக்காயின் நத்தார் மரங்களைச் சோடித்த பிள்ளைகள் அவ்வேளையில் தறப்பாள்களோடு முள்ளிவாய்க்கால் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை.

உயிர் தப்பியவர்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்து 2009 இன் கடைசி மாதங்களில் திரும்பத் தொடங்கினார்கள். தகரமும் தறப்பாளுமாக ஊர் மறுபடியும் எழுந்தது. மின்சாரம் வந்தது. இப்போது கடைகளில் பிளாஸ்ரிக் நத்தார் மரம், பஞ்சு ஒட்டியபடியே, பெட்டியில் கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு டிசம்பர் 31 ஆம் திகதி இரவு துணுக்காயில் தங்க நேர்ந்தது. நள்ளிரவை நெருங்கும் வேளையில் வயல் பக்கமிருந்து ஒரு பெரிய வெடி. சிறிது பொறுத்து இன்னொன்று. புத்தாண்டு பிறந்துவிட்டதென்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றரைதான் ஆகியிருந்தது. யானை வெடி. கதிர் முற்றுகின்ற காலத்தில் கமக்காரர்கள் காவல் கொட்டிலில் விழித்திருந்து, யானை வந்தால் கொளுத்திப் போடுவது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் அதிகாலை ஐந்தரை மணியளவில் காவலால் திரும்பினார். அந்த நேரத்தில்தான் இலண்டனில் பன்னிரண்டு அடிக்கும். கைத்தொலைபேசி அலறியது. தேம்ஸ் நதிக்கரையிலிருந்து மகன். வாணவேடிக்கையைத் தகப்பனும் கேட்கட்டும் என்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் ஒரே இரைச்சல். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முதியவர் சற்று நேரம் கவனமாகக் கேட்டார்.

"என்னடா, உங்கையும் யானை வந்திட்டுதோ?"

அங்கே மகன் சிரிப்பது எனக்கும் கேட்டது. பிறகு அவன் ஏதோ விசாரித்திருக்க வேண்டும்.

"ஓமடா, ரெண்டு நிண்டது. கலைச்சாச்சு. இருந்த ஆறு வெடியிலை நாலு முடிஞ்சுது. அரிவு வெட்ட இன்னும் ஒரு மாதம் கிடக்கு" என்றார்.