டிஸ்க் வேணும்னு மகன் கேட்டான், நான் வேண்டாம்னேன்

மின்னி பேயில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டை விட்டு நகர முடியாது. மே கடைசியில் ஆரம்பித்தால் சில வருஷம் டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தங்கமணி சீரியல், நான் தூக்கம், மகன் வீடியோ கேம். இதுதான் எங்கள் வீட்டு கால அட்டவணை. 2023 ஜூனில் மதுரையில் இருந்து மாற்றலாகி வந்தேன். வரும்போது இந்த ஊர் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். மழை மட்டும் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

வந்த வருஷம் டிசம்பரில் மகன் ஒரு கேம் கேட்டான். பெயர் 'வெண்பா'. பெயரைக் கேட்டதும், "என்னடா, யாப்பிலக்கணம் படிக்கிறியா?" என்றேன். டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கும். அதில் விட்டுப்போன படிகளை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்!

"டிஸ்க்கா கிடைக்குதான்னு பாருங்கப்பா, அத்வைதா வச்சுக்கலாம்" என்றான். கெஞ்சும்போது அவன் தமிழ் இப்படித்தான். 'பத்திரமா' என்பதைச் சொல்லத் தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்வான். கேந்திரிய வித்யாலயா, நண்பர்கள் எல்லாரும் இந்தி. யார் மேல் குற்றம் சொல்ல?

நான் திரையைப் பார்த்தேன். தட்டையான படம், கதைப் புத்தகம் மாதிரி. சாவதானமாக ஆடினாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றான். "பெரிய பெரிய கேமுக்கு டிஸ்க் வாங்கினா சரி. இந்த 2டி பொம்மைக்கு எதுக்குடா டப்பா, டிஸ்க், கூரியர் செலவு? டவுன்லோடு பண்ணிக்கோ" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு என் கார்டைக் கொடுத்தேன். பி.காம் படித்தவன் புத்தி!

*

இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் விருதுநகரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. காசு கொடுத்து மணிக்கணக்கில் ஆடுவோம். மரியோ, கான்ட்ரா. எல்லாமே தட்டைப் படம்தான், ஒன்றுகூட 3டி கிடையாது. எல்லாம் கேசட்டில் வந்தது. ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதி மறுபடி போடுவோம். ஒரு வாரம் என் கேசட் உன்னிடம், உன் கேசட் என்னிடம். "2டி கேமுக்கு கேசட் தேவையா?" என்று அப்போது எவனும் கேட்டதில்லை. கேசட் இல்லாமல் கேமே இல்லை.

அந்த எண்ணம் இரண்டு காரணத்தால் பிறகு மாறியது. ஒன்று, கேம் எல்லாம் 3டி ஆனதும் 2டி என்றால் மட்டம் என்ற நினைப்பு. இரண்டு, டவுன்லோடு.

முதல் நினைப்பு தப்பு என்பதற்கு ஒரு உதாரணம், கப்ஹெட். 2017 செப்டம்பரில் வந்தது. கனடாவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்தது. ஒவ்வொரு அசைவையும் பழைய கார்ட்டூன் போலக் கையால் வரைந்தார்கள். அதை முடிக்க வேலையை விட்டு, வீட்டை அடமானம் வைத்திருக்கிறார்கள். கடன் பிரிவில் உட்காரும் எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அந்தக் கேம் டப்பாவில் போட்டுக் கடைக்கு வர 2022 டிசம்பர் ஆயிற்று. ஐந்து வருஷம்! ஸ்டார்டியூ வேலி என்று இன்னொன்று. ஒரே ஆள் நாலரை வருஷம் தனியாக உட்கார்ந்து செய்தது. 2024 டிசம்பர் வரைக்கும் 4 கோடியே 10 லட்சம் பிரதி விற்றிருக்கிறது. 2டி என்றால் உழைப்பு குறைவு என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் டிஸ்க் போடுவதில்லை? கணக்குதான். டிஸ்க் அடிக்கக் குறைந்தபட்ச ஆர்டர் உண்டு. கன்சோல் கம்பெனிக்குப் பங்கு, கடைக்காரருக்குக் கமிஷன், விற்காத சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம். 15 டாலர் கேமில் இத்தனையும் கழித்தால் செய்தவனுக்கு என்ன மிஞ்சும்? 60 டாலருக்கு விற்கும் பெரிய கம்பெனிக்குக் கவலையில்லை. 2023 அக்டோபரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரும் 2டிதான். முழு விலை, கடையிலும் கிடைத்தது, இரண்டு வாரத்தில் 43 லட்சம் விற்றது.

சின்னவர்களுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லிமிடெட் ரன் கேம்ஸ் என்ற நிறுவனம் 2015-ல் ஆரம்பித்தார்கள். பல கேம்களுக்குச் சில வாரம் முன்பணம் வாங்கி, எத்தனை ஆர்டரோ அத்தனை மட்டும் அடிக்கிறார்கள். நம்ம ஊர் தீபாவளிப் பட்டாசுச் சீட்டு மாதிரிதான். சரக்கு தேங்காது. ஆனால் அந்த நாட்களைத் தவறவிட்டால் வெளியில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டியதுதான்.

*

2024 ஜனவரியில் அத்தை, அதாவது தங்கமணியின் அம்மா, அருப்புக்கோட்டையில் இருந்து வந்து ஒரு மாதம் இருந்தார்கள். பேரனுக்கும் அம்மாச்சிக்கும் பேச்சு, "சாப்டியா?" "ம்" என்ற அளவில்தான். ஒருநாள் அவன் வெண்பா ஆடிக்கொண்டிருந்தான். அத்தை முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் இட்லி வேகிறது. "ஏலே, என்னடா அடுக்குற? கீழ்த்தட்டு மாவு மேல மேல்தட்டு ஓட்டை வரணும்ல, இல்லாட்டி எப்பிடி ஆவி ஏறும்?" அவன் அப்படியே அடுக்கினான். சரியாக வந்துவிட்டது. அவ்வளவுதான், அன்றைக்குச் சாயங்காலம் வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. புட்டுக்கு என்ன, பிரியாணிக்கு என்ன, அந்தப் பையன் ஏன் அம்மாகிட்ட இங்கிலீஷ்ல பேசுறான் என்று ஒரே கேள்வி. இவன் தத்தித் தத்தித் தமிழில் பதில் சொன்னான். அந்தக் கேமின் கதையும் அதுதானே! நான் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் அத்தை தவறிவிட்டார்கள்.

2025 ஜூனில் ஒரு மழை நாளில் வோல்டேஜ் எகிறி கன்சோல் போய்விட்டது. செலவோடு செலவாகப் புதிதாக ஒன்று வாங்கினேன். பழைய கணக்கில் நுழையலாம் என்றால் கடவுச்சொல் ஞாபகம் இல்லை. மாற்றலாம் என்றால் மெயிலுக்குப் போகச் சொல்கிறது. மெயிலோ மதுரை நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது. அந்தக் கம்பெனி சிக்னல் இங்கே வீட்டுக்குள் வரவில்லை என்று சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ. கவுன்டரில் தினமும் பத்துப் பேரிடம் "மொபைல் நம்பரை அப்டேட் பண்ணுங்க சார்" என்று சொல்கிறவன் நான். அவ்வ்வ்வ்வ்.

எழுதிப் பார்த்தேன், சாட் செய்து பார்த்தேன். நான்தான் நான் என்று அவர்களுக்கு நிரூபிக்க முடியவில்லை. பதினோரு கேம் போயிற்று, வெண்பாவும் சேர்த்து.

அன்றைக்குப் புதுக் கன்சோலில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரில் இருந்து என் மச்சான் அனுப்பிய ஹாலோ நைட் டிஸ்க். ஆஸ்திரேலியாவில் மிகச் சிறிய குழு செய்த 2டி கேம். 2017-ல் வந்தது, 2019-ல் டிஸ்க் போட்டார்கள். நெட் இல்லை, கணக்கு இல்லை. போட்டான், ஓடியது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

*

யோசித்துப் பார்த்தேன். பேப்பர் இல்லாத சொத்து எனக்குப் புதிதில்லை. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்த பிறகு ஷேர் எல்லாம் டீமேட் ஆகிவிட்டது. யாரும் ஷேர் பத்திரத்துக்காக அழவில்லை. ஏன்? பதிவு என் பெயரில் இருக்கிறது. கேட்க செபி இருக்கிறது. விற்கலாம், அடகு வைக்கலாம், நாமினி போடலாம். டவுன்லோடு கேமில் இதில் எது உண்டு? 'வாங்கு' என்று பட்டன் இருக்கும், ஆனால் கிடைப்பது உரிமம் மட்டும். கலிபோர்னியாவில் இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2025 ஜனவரியில் இருந்து சட்டமே வந்துவிட்டது.

என்னை மாதிரி கோட்டை விட்டவர்களுக்கு மட்டும்தான் இது நடக்கும் என்றும் இல்லை. ஸ்காட் பில்கிரிம் என்று ஒரு 2டி கேம், 2010-ல் வந்தது. 2014 கடைசியில் ஆன்லைன் கடைகளில் இருந்து காணாமல் போய், 2021 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. இடையில் ஆறு வருஷம் புதிதாக வாங்க வழியே இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லையாம்.

டிஸ்க் என்றால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-க்கு 'கேம் கீ கார்டு' என்று சில விற்கிறார்கள். கார்டு இருக்கும், உள்ளே கேம் இருக்காது, டவுன்லோடுதான் செய்ய வேண்டும். சாவி கொடுத்துவிட்டுப் பெட்டியை அவர்களே வைத்துக்கொள்கிற கதை. இந்தத் தீவில் இதன் அருமை தெரியும். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் இருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேரும் வரை இங்கே சாட்டிலைட் நெட்தான். அப்போது சென்னை போய் வருகிறவர்களிடம் ஹார்டு டிஸ்க் கொடுத்து அனுப்புவோம் என்று எங்கள் கிளையில் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஆக என் கட்சி இதுதான். 2டியா 3டியா என்பது கேள்வியே இல்லை. கேம் முழுசாக உள்ளே இருந்து, நெட் இல்லாமல் ஓடுமென்றால் அதற்கு டிஸ்க் போடலாம். 2டி கேம்களில் பல சின்னதாக இருப்பதால் அவற்றுக்குத்தான் இது சுலபம். ஸ்டார்டியூ வேலி கம்ப்யூட்டரில் அரை ஜிபிதான்! எல்லாருக்கும் வேண்டாம், எல்லாக் கடையிலும் வேண்டாம். பட்டாசுச் சீட்டு மாதிரி வேண்டியவர் முன்பணம் கட்டட்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டும் எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் எடுத்துப் போகிற பொருள்தான் நிற்கிறது. நம்பரும் விலாசமும் நிற்பதில்லை.

வெண்பாவை மறுபடி வாங்கிவிட்டோம், மகன் பெயரில், அவன் மெயிலில். அத்தையின் முதல் திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவன் இட்லிக் கட்டத்தை மட்டும் ஆடினான். தங்கமணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய் அத்தை கைப்பட எழுதிய சமையல் நோட்டை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். அம்மாச்சி எழுத்தை அவனால் வேகமாக வாசிக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசித்தான்.

இந்த வருஷம் அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்து கல்லூரிக்குச் சென்னையோ கோவையோ போய்விடுவான். ஹாலோ நைட் டிஸ்க்கை எடுத்துப் போவானாம். நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். "ஒரிஜினலை நான் வச்சுக்கறேம்ப்பா, ஜெராக்ஸ் நீங்க வச்சுக்கோங்க" என்கிறான். இன்னும் முடிவாகவில்லை.

டிஸ்கி (டிஸ்க் இல்லீங்க): உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கேம் கணக்கு எந்த நம்பரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வங்கிக்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.