பதினாறு பக்கங்கள் போதும்

திருச்சபைப் பணிக்கு வேண்டிய கருவிகள் எங்கே கிடைக்கும், எந்த விலைக்குக் கிடைக்கும் என்பது சிறிய பங்குகளுக்கு ஓயாத கவலை. பங்குப் பேரவை கூடும்போதெல்லாம் ஒரு பட்டியல் உருவாகிறது: புதிய ஒலிபெருக்கி, வெண்திரை, மறைக்கல்விப் படங்கள், பாடல் ஏடுகள். அடியில் கூட்டுத்தொகையை எழுதியதும் எல்லாருடைய உற்சாகமும் வடிந்துவிடுகிறது. ஒரகடத்தை ஒட்டி வாழும் எங்களுக்கும் இது பழகிய அனுபவமே. ஆயினும் எங்கள் சுற்றுப்புறம் மாறியிருக்கும் விதம், விலையைக் கேட்பதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்கச் செய்கிறது. இக்கருவிகள் யாருக்காக?

ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் கனரக வாகன ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில், அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கக்கூடிய மகளிர் விடுதி திறக்கப்பட்டது. ஒரு விடுதியே ஒரு பேரூர் அளவுக்கு மக்களைக் கொள்கிறது! தென்மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் இங்கு வந்து உழைக்கிறார்கள். அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தோரும் உண்டு. இரவு ஷிப்டு முடித்த கண்களோடு கோவிலின் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல், யாரிடமும் பேசாமல் திரும்பிச் செல்வோர் அவர்கள்.

2021 டிசம்பரில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். திருப்பெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை என்னவென்று அறியாமல் தவித்த பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அந்த இரவில் அவர்களுக்கு வேண்டியிருந்தவர், பெயர் சொல்லி அழைக்கவும் நம்பிப் பேசவும் தக்க ஓர் அயலார். நம் பட்டியல்களில் அத்தகைய அயலாருக்கு இடமுண்டா?

நம் முன்னோரிடம் இதற்கு விடை இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்நூலின் அளவை எண்ணிப் பார்க்கிறோமா? வெறும் பதினாறு பக்கங்கள். அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் செபிக்கவும் கற்கவும் தேவையானதைச் சிறு ஏட்டில் அடக்கினார். அச்சுப் பணிக்கான பொருளைக் கடலில் மூழ்கி முத்தெடுத்த அம்மக்களே திரட்டித் தந்தனர் என்பர். மக்களின் மொழி, சிறிய அளவு, மக்களின் பங்களிப்பு ஆகிய மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன.

குருக்கள் குறைவாயிருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியதும் இதே நோக்கில்தான். ஊர் ஊராய்ச் சென்று மறையைப் போதித்த வேதியரை உருவாக்குவதே முதற்பணி என்று அவர் கண்டார். ஆலைத் தொழிலாளர் நடுவே இதே வழியில் சென்றவர் பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டைன். 1912இல் பிரசெல்சை அடுத்த லாக்கென் பங்குக்குத் துணைக்குருவாக வந்த அவர், உழைக்கும் இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, அவர்கள் வாழ்வைக் குறித்து அவர்களையே பேசச் செய்தார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெற்றது. நிலைமையைப் பார்த்தல், நற்செய்தியின் ஒளியில் தீர்ப்பிடுதல், பின் செயலாற்றுதல் என்ற அவரது முறையை 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். இம்முறைக்கு வேண்டியவை நான்கு நாற்காலிகளும், செவிமடுக்கும் மனமும்.

நாங்கள் செய்தது மிகச் சிறிது. ஜார்க்கண்டிலிருந்து வந்த சகோதரி ஒருவரை, ஒரு ஞாயிறன்று முதல் வாசகத்தை இந்தியிலும் வாசிக்கக் கேட்டுக்கொண்டோம். கடைசி வரிசையில் நின்ற ஐந்தாறு பேர் தலைநிமிர்ந்தார்கள். அடுத்த வாரம் தோழியரையும் உடன் அழைத்து வந்தார்கள். பின்னர் ஒரே தாளை மடித்து நான்கு பக்கமாக்கி, அன்றைய வாசகங்களின் சுருக்கத்தை இரு மொழிகளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம். இந்திப் பகுதியை எழுதியவர்கள் அவர்களே. கடைசிப் பக்கத்தில் திருப்பலி நேரங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிய குறிப்புகள், அவசரத்தில் அழைக்க இரு குடும்பங்களின் தொலைபேசி எண்கள். அன்பியக் கூட்டத்தின் நேரத்தையும் ஷிப்டு மாறும் வேளைக்கு ஏற்ப மாற்றினோம். இவை அனைத்துக்கும் ஆன செலவு, வெண்திரைக்கென நாங்கள் குறித்திருந்த தொகையில் ஒரு சிறு பகுதிகூட இல்லை.

பணமே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. எதற்குச் செலவிடுவது என்பதே கேள்வி. வல்லம் வடகாலிலிருந்து வரும் ஒருவரின் பேருந்துக் கட்டணம், வேலை முடித்து வருவோர்க்கு ஒரு குவளைத் தேநீரும் சிற்றுண்டியும், திண்டிவனம் விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு நடுநிலையத்தில் பயிற்சி பெற ஒரு பொதுநிலையினரை அனுப்பும் செலவு ஆகியவை பட்டியலின் தலைப்பில் இடம்பெறட்டும். ஒலிபெருக்கி பழுதாகும், பயிற்சி பெற்ற ஒருவர் பத்துப் பேரை உருவாக்குவார். மலிவாகக் கிடைக்காதது ஒன்றே ஒன்று. அது நம் நேரம். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பாலைநிலத்தில் பசித்திருந்த திரளைக் கண்ட சீடர்கள், அப்பம் வாங்க எத்தனை தெனாரியம் ஆகும் என்று கணக்கிட்டனர். ஆண்டவரோ, கையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவரப் பணித்தார். வரும் பேரவைக் கூட்டத்தில் விலைப்பட்டியலை விரிக்குமுன், நம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்போர் யார், அவர்கள் பேசும் மொழி எது, எந்த ஷிப்டில் உழைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுவோமா? வேண்டிய கருவிகள் எவை என்பதை அந்தத் தாளே நமக்குச் சொல்லிவிடும்.